திரையில் பூஜ்யம்

விருத்தாசலம்
3 ஏப்ரல் 2024

கிரிதர் சாருக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் பழமலைநாதன் மார்ச் பதினாலாம் தேதி மதியம், தான் எலக்ட்ரீஷியனாக இருந்த பீங்கான் கம்பெனியின் டிரான்ஸ்ஃபார்மர் யார்டில் கரண்ட் அடித்து இறந்துபோனார். உங்களுக்கு அன்றைக்கே தகவல் வந்திருக்கும். அடக்கத்தன்று உங்கள் ஆபீஸ் பெயர் போட்ட மாலை வந்தது, நீங்கள் வரவில்லை. மூன்று மாதம் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர் ஏன் வரவில்லை என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை.

அங்கே கரண்டு சூளை ஆபரேட்டர் காத்தவராயனை உங்களுக்கு நினைவிருக்கும். கருவேப்பிலங்குறிச்சிக்காரன். இவர் மேலே ஏறி வேலை செய்துகொண்டிருக்கும்போது லைன் சுவிட்சை அவன்தான் போட்டான் என்று மேனேஜர் சக்கரபாணி சொல்கிறார். மாசி மகத் தேர் அன்று யார் லீவு எடுப்பது என்று இவருக்கும் அவனுக்கும் சண்டை. அதை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே செய்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இப்போது ஜெயிலில் இருக்கிறான். ஆனால் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்கிறார்கள்.

அதனால்தான் உங்கள் உதவி வேண்டும். பவரை அளக்க யார்டில் நீங்கள் மாட்டிய அந்தப் பெட்டியைப் பற்றி இவர் வீட்டில் பேசாத நாள் கிடையாது. "கண்ணாடி நூலு பிரபா. ஒயர வெட்டாம, ஒடைக்காம சுத்திலும் வளையமா போட்டிருக்காரு. ஒயர்ல கரண்டு ஓடுனா நூலுக்குள்ள போற வெளிச்சம் லேசா திரும்புமாம். எவ்வளவு திரும்புதுன்னு பாத்து எவ்வளவு பவருன்னு சொல்லிப்புடுது" என்பார். ஒவ்வொரு நொடிக்கும் பதிவு இருக்கிறது என்றும் சொன்னார். அப்படியென்றால் காத்தவராயன் சுவிட்சைப் போட்ட நேரமும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிவை எனக்குத் தாருங்கள்.

ஆறு தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. இனி எழுதியே பதில் தாருங்கள். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறவள் நான். வாயால் சொன்னதெல்லாம் என்ன ஆகிறது என்று தினமும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
பிரபா


கோயம்புத்தூர்
15 ஏப்ரல் 2024

பிரபா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. மூன்று முறை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அண்ணனின் மறைவுக்கு என்ன சொன்னாலும் போதாது. அடக்கத்துக்கு வராதது என் தவறு. கிளம்பி ரயில் நிலையம்வரை வந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா என்று தெரியவில்லை.

பதிவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சோதனை ஓட்டத்தின்போது எடுத்த அளவுகள் அனைத்தும் எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. காவல்துறை முறைப்படி எழுதிக் கேட்டால் இயக்குநர் சாய்ராம் முடிவெடுப்பார். தனிப்பட்ட முறையில் தர எனக்கு அதிகாரம் இல்லை.

தவிர, நீங்கள் எதிர்பார்ப்பதுதான் அதில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு சுவிட்சை யார் போட்டார்கள் என்று கருவிக்குத் தெரியாது. தயவுசெய்து இதை மட்டும் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

குழந்தை தேஜஸ்வினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கிரிதர்


விருத்தாசலம்
22 ஏப்ரல் 2024

கிரிதர் சாருக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். தாலுகா ஆபீசில் மனுவைத் திருப்பி அனுப்பும்போது இதே மாதிரிதான் எழுதுவார்கள். நான் உங்கள் நிறுவனத்துக்கு எழுதவில்லை. உங்களுக்கு எழுதினேன்.

போலீஸ் கேட்டால் தருவோம் என்கிறீர்கள். நேற்று இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். "பவர் அளக்கற மீட்டரா? அதுல என்னம்மா இருக்கப்போவுது, கரண்டு பில்லுதான் இருக்கும்" என்றார். அது பதிவு செய்யும் என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர் கேட்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் தேதி காத்தவராயனின் அம்மா கொளஞ்சியம்மாள் இறந்துவிட்டார். மகனைப் பிடித்துக்கொண்டுபோன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். போலீஸ் காவலோடு அவனைக் கூட்டிவந்தார்கள். கோர்ட்டில் அனுமதி வாங்கி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று கடைக்கு வந்த ஒரு அம்மாள் சொன்னார். கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்லா வேணும் என்றுகூட நினைத்தேன். அப்புறம் மாலை வரைக்கும் ஒரு மனுவையும் பிழையில்லாமல் அடிக்க முடியவில்லை.

அவன்தான் செய்தான் என்பது எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். அதைக் காட்ட உங்களால்தான் முடியும்.

பிரபா


விருத்தாசலம்
10 மே 2024

கிரிதர் சாருக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை.

இவருடைய போனை இன்று ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்தார்கள். மூலையில் கருகியிருக்கிறது, ஆனால் சார்ஜ் போட்டதும் உயிர் வந்துவிட்டது. கடைசியாக வந்த அழைப்பு மார்ச் பதினாலு, மதியம் 3.12. நான்கு நிமிடம். "கிரிதர் தம்பி" என்று பேர் போட்டு வைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் 3.25-க்கு விபத்து என்று இருக்கிறது.

அந்த நான்கு நிமிடத்தில் என்ன பேசினீர்கள்?

பிரபா


கோயம்புத்தூர்
19 மே 2024

அக்கா,

எல்லாவற்றையும் எழுதுகிறேன். கடைசிவரை படியுங்கள்.

மார்ச் பதினைந்தாம் தேதி பெங்களூரிலிருந்து ஒரு குழு எங்கள் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் நூறு இடங்களில் மாட்டச் சொல்வார்கள். முந்தின நாள் காலையிலிருந்தே அளவு நழுவிக்கொண்டிருந்தது. சூளை முழு வேகத்தில் எரியும்போது காட்ட வேண்டியதைவிடக் குறைவாகக் காட்டியது. வளையத்தில் கண்ணாடி இழை வந்து சேரும் இடத்தில் களிமண் தூசு அடைந்திருக்கும் என்று நினைத்தேன். மதியம் சூளையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் நான்தான் கோயம்புத்தூரிலிருந்து அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

பேசியதை அப்படியே எழுதுகிறேன். அன்றிலிருந்து அதைத் தவிர வேறு எதுவும் என் காதில் கேட்பதில்லை.

"அண்ணா, வளையத்துக்கிட்ட ஏறிக் கொஞ்சம் தொடைச்சு விட முடியுமா?"

"லைன ஆஃப் பண்ணணுமே தம்பி. இருங்க, கேக்கறேன்." யாரிடமோ சத்தமாகக் கேட்டார். பிறகு, "மேனேஜரு ஆஃப் பண்ணியாச்சுங்கறாரு" என்றார்.

"ஸ்கிரீன்ல என்ன காட்டுது?"

"ஜீரோ."

"அப்ப லைன்ல ஒண்ணும் இல்லண்ணா."

"டெஸ்டர ஸ்டோர்ல வெச்சிப் பூட்டியிருக்குது. சாவிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். வரட்டும், ஒரு தடவ வெச்சிப் பாத்துட்டு ஏறிக்கறேன்."

"ஸ்கிரீன்தான் சொல்லுதேண்ணா. நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

அப்புறம், "சரி தம்பி, நீங்க சொன்னா சரி" என்றார்.

மேனேஜர் ஆஃப் செய்ததாகச் சொன்னது சூளையை. அண்ணன் கேட்டது லைனை. திரையில் பூஜ்யம் இருந்ததால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தது.

அந்தப் பூஜ்யத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். எங்கள் திரை காட்டுவது பவர். மின்சாரம் ஓடினால்தான் பவர் இருக்கும். சூளை நின்றுவிட்டால் ஓட்டம் இருக்காது, அளவும் இருக்காது. ஆனால் கம்பியில் பதினோராயிரம் வோல்ட் அப்படியே நின்றுகொண்டிருக்கும். தொட்டால் கொன்றுவிடும். இது எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். படித்த நானே அவசரத்தில் மறந்துவிட்டுப் பேசினேன். அவர் என்னை நம்பி மறந்தார்.

இன்னும் இருக்கிறது. வோல்டேஜை அளக்க வேறொரு இழை வைத்திருந்தேன். அது சரியாகத்தான் அளந்துகொண்டிருந்தது. அந்த எண்ணை முதல் பக்கத்தில் காட்டாமல் இரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தேன். பவர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்ற எண்ணம். சூளை நின்றிருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் தனக்கென்று கொஞ்சம் இழுக்கும். அந்தச் சின்ன அளவைத் திரை காட்டியிருந்தால் லைன் உயிரோடு இருக்கிறது என்று அண்ணன் கண்டுபிடித்திருப்பார். ஆனால் சின்ன எண்கள் நிலையில்லாமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். பார்க்க வருகிறவர்களுக்குக் கருவி மேல் சந்தேகம் வரும் என்று, ஒரு அளவுக்குக் கீழே போனால் பூஜ்யம் என்று காட்டும்படி நானே மாற்றி வைத்தேன். பிப்ரவரியில். உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன ஒரு மதியம்.

மார்ச் பதினாறாம் தேதியே பதிவைத் திறந்து பார்த்துவிட்டேன். வோல்டேஜ் கோடு அன்று காலையிலிருந்து அண்ணன் தொட்ட நொடிவரை ஓர் இடத்திலும் அறுபடவில்லை. யாரும் சுவிட்சை ஆஃப் செய்யவில்லை. ஆஃப் செய்யாததை யாரும் போட்டிருக்கவும் முடியாது. காத்தவராயன் எதுவும் செய்யவில்லை, அக்கா.

இயக்குநரிடம் காட்டினேன். "யாராவது கேட்டாங்களா? கேக்கட்டும், பாக்கலாம்" என்றார். எனக்கு அது வசதியாக இருந்தது. உங்கள் முதல் கடிதம் வந்தபோது ஒருவர் ஜெயிலில் இருக்கிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் அந்தப் பதிலை எழுதினேன். அவருடைய அம்மா இறந்த செய்தி வந்த பிறகும் நான்கு வாரம் சும்மா இருந்தேன். நீங்கள் போனைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றும் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

பதிவின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்கள் சொல்கிற நாளில் வந்து, சொல்கிற இடத்தில் இதைச் சொல்கிறேன்.

கிரிதர்


விருத்தாசலம்
5 ஜூன் 2024

கிரிதர் சாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். கிழித்துவிடுவேனோ என்று பயம்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். தேர் அன்று நடந்த சண்டை பெரிய சண்டை இல்லை. இரண்டு பேரும் அன்று சாயந்திரமே ஒன்றாக டீ குடித்தார்கள். "உன்னைப் பாத்துக்கறேன்டான்னு காத்தவராயன் மெரட்டுனான்" என்று எழுதும்படி சக்கரபாணி சொன்னார். "அப்படி எழுதுனாத்தான் கேஸ் நிக்கும், இல்லன்னா ஒன் வூட்டுக்காரரு கவனக்கொறைவுன்னு எழுதிப்புடுவாங்க" என்றார். மிரட்டியதை நான் கேட்கவில்லை. இவரும் என்னிடம் சொன்னதில்லை. கடையில் உட்கார்ந்து என் கையாலேயே டைப் அடித்தேன். அந்த ஒரு வரியால்தான் அவருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.

மே இருபத்து மூன்றாம் தேதி ஸ்டேஷனுக்குப் போனேன். முதலில் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர், "ஒம் மேலயே கேஸ் போடலாம் தெரியுமா" என்றார். போடுங்கள் என்றேன். உங்கள் பதிவையும் கடிதத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கிக்கொண்டேன். உங்கள் பேரை எழுதியிருக்கிறேன். சக்கரபாணி பேரையும். இந்த முறை எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் எழுதினேன்.

காத்தவராயன் முப்பதாம் தேதி ஜாமீனில் வந்தார். இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். அவர் மனைவி நீலாவதி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "என்ன வோணும்?" என்றாள். உள்ளே அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டார்:

"அந்த ரிக்கார்டு அந்த இஞ்சினியர்கிட்ட எந்தத் தேதியிலேருந்து இருக்குது?"

"மார்ச் பதினாறு."

"நீங்க எழுதிக் குடுத்தது?"

"பதினஞ்சு."

"எங்கம்மா போனது ஏப்ரல் ஒம்பது" என்றார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். நீலாவதி என்னைப் பார்த்து, "போயிட்டு வாங்கன்னு சொல்ல வாய் வரல. போங்க" என்றாள். கதவைச் சாத்தவும் இல்லை, திறந்து வைக்கவும் இல்லை. நான்தான் நகர்ந்து வந்தேன்.

வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வாருங்கள். என் வீட்டுக்கு வர வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போங்கள். அப்புறம் அங்கே போங்கள்.

பிரபா


விருத்தாசலம் ஜங்ஷன்
18 ஜூன் 2024

அக்கா,

நடைமேடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை இங்கேயே பெட்டியில் போட்டுவிடுவேன்.

நேற்று வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. வோல்டேஜுக்கும் பவருக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். மூன்றாவது முறை எழுத்தர், "அப்ப நீங்க சொல்லித்தான் ஏறுனாரு" என்றார். ஆமாம் என்றேன், அப்படியே எழுதிக்கொண்டார். என்னையும் சக்கரபாணியையும் வழக்கில் சேர்ப்பார்கள். வேலை போன வாரமே போய்விட்டது. ரகசியப் பதிவை வெளியே கொடுத்ததாக நிறுவனம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று காலை கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். காத்தவராயன் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு இடம் விட்டு யாரும் நகரவில்லை.

"எங்கிட்ட சொல்ல வேணாம் சார். எனக்குத் தெரியும் நான் செய்யலன்னு. இங்க சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கருவியைப் பற்றி, போனில் பேசியதைப் பற்றி, இரண்டு மாதம் வாயைத் திறக்காததைப் பற்றி. ஒரு பெரியவர், "அப்ப ஆரும் சுவிட்சு போடலியா?" என்று கேட்டார்.

"போடலங்க. லைன் காலையிலேருந்து உயிரோடதான் இருந்துது."

"காத்தவராயன் அப்ப எங்க இருந்தாரு?"

எனக்குத் தெரியவில்லை. அவர்தான் சொன்னார்: "சூளைக்கு வெளிய அடுக்குல இருந்த சாமானை எடுத்துக்கிட்டு இருந்தன். சத்தம் கேட்டு மொதல்ல ஓடுனது நான்தான். கட்டையால தள்ளி விட்டு அவரை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தன். வண்டி வர வரைக்கும். அப்பத்தான் மேனேஜரு வந்து பாத்தாரு, நீயாடா போட்டன்னாரு."

இது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். அண்ணன் தனியாகக் கிடக்கவில்லை.

டீக்காரர் ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் தொடவில்லை. "பஸ்ஸு வருது, ஏறிக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

கிரிதர்


விருத்தாசலம்
29 ஜூன் 2024

கிரிதர் சாருக்கு,

உங்கள் கடிதத்தில் காத்தவராயன் சொன்ன இடத்தைப் பல தடவை படித்தேன். இவரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளைத்தான் நான் ஜெயிலுக்கு அனுப்பினேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

உங்களை மன்னித்தேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காதது நல்லது. கேஸ் நடக்கும். கூப்பிடும்போது வந்து உண்மையைச் சொல்லுங்கள். நானும் சொல்வேன்.

தேஜஸ்வினியிடம் நேற்று பேசினேன். அப்பாவை யாரு சாவடிச்சாங்க என்று மார்ச்சில் அவள் கேட்டபோது ஒரே ஒரு பேரைச் சொல்லியிருந்தேன். பிள்ளைக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டுமே என்று. இப்போது அது அப்படி இல்லை என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். சூளை நின்றது, மேனேஜர் சொன்னது, சாவி வராதது, நீங்கள் பேசியது, அப்பா ஏறியது. போலீசுக்கு நான் எழுதிக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை. பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காத்தவராயனோட பொண்ணு எங் கிளாஸ்தாம்மா" என்றாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேனில் வரும் பிள்ளையாம். "நீ சொன்னதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் யாரும் அவகூட சாப்புட உக்காரல."

"ஸ்கூலுக்குப் போனதும் அவகிட்ட பேசு" என்றேன்.

"அவ இல்லம்மா. ஸ்கூல் தொறந்ததுலேருந்து வரல. டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு டீச்சர் சொன்னாங்க."

இப்போது எந்த ஸ்கூலில் படிக்கிறாள் என்று டீச்சருக்கும் தெரியவில்லையாம். திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். இவளையும் கூட்டிக்கொண்டு விசாரிக்கப் போகிறேன்.

பிரபா